கென்டக்கி பாப்டிஸ்ட் பிரசங்கியாரைத் தேடணும்னா மொதல்ல அவரோட ஓடையைக் கண்டுபிடிங்க

உங்க வீட்டுக்காரரோட அப்பா வழி முன்னோர் ஒருத்தர், 1760 வாக்குல வர்ஜீனியாவுல பொறந்தவர், அப்புறம் கென்டக்கிக்கு வந்து குதிரையில ஊர் ஊரா போய் பிரசங்கம் பண்ண பாப்டிஸ்ட் 'சர்க்யூட் ரைடர்', அமெரிக்க சுதந்திரப் போர்ல சண்டை போட்டவர், பிரசங்கம் பண்ணதுக்காக ஜெயிலுக்கும் போனவர், 1820கள்ல மிசௌரிக்குப் போயிட்டார், அதுக்கு மேல ஒரு தடயமும் இல்ல, சர்ச்சுக்கு எழுதிக் கேட்டா ஞானஸ்நான ரிஜிஸ்டர்னு ஒன்னு எங்ககிட்ட இல்லவே இல்லைங்கறாங்க, எங்கேர்ந்து ஆரம்பிக்கறதுனு கேட்டிருந்தீங்க. கொஞ்சம் நீளமாவே சொல்றேன், இதுல குறுக்கு வழி கிடையாது.

அவரை பிரசங்கியாரா தேடாதீங்க, விவசாயியா தேடுங்க. அந்தக் காலத்து எல்லைப்புற பாப்டிஸ்ட் பிரசங்கியாருக்கு சம்பளம்னு ஒன்னு பெருசா கிடையாது, செமினரி படிப்பு கிடையாது, மேல பிஷப் கிடையாது. வாரம் முழுக்க காட்டை வெட்டி சோளம் போட்டுட்டு சனி ஞாயிறு மட்டும் சபைக்குப் போவார், ஜனங்க மனசு வந்தா தானியம், உப்பு, சில இடத்துல விஸ்கி கூட குடுப்பாங்க (ஆமா விஸ்கிதான், மதுவிலக்குப் பேச்செல்லாம் பிற்பாடு வந்தது). மெதடிஸ்ட்னா மேலிடம் இவரை இந்த வருஷம் இந்த ஏரியாவுக்கு அனுப்பினோம்னு எழுதி வச்சிருக்கும். பாப்டிஸ்ட்ல ஒவ்வொரு சபையும் தனக்குத் தானே ராஜா, எல்லாத்தையும் சேத்து வச்ச தலைமை ஆபீஸ் ரெக்கார்டுனு ஒன்னு எதிர்பாக்காதீங்க. ஆனா அவர் நிலம் வாங்கினார், வரி கட்டினார், கோர்ட்டுல சாட்சி சொன்னார், கல்யாணம் பண்ணி வச்சார், அதையெல்லாம் அரசாங்கம் எழுதி வச்சிருக்கு.

ஞானஸ்நான ரிஜிஸ்டர் ஏன் இல்லைனா, நம்ம பக்கம் சிஎஸ்ஐ குடும்பங்கள்ல தாத்தா பொறந்த தேதியை சர்ச் ரிஜிஸ்டர்ல பாத்துக்கற பழக்கம் இருக்குல்ல, அதை இங்க எதிர்பாத்தா ஏமாந்துதான் போவீங்க. பாப்டிஸ்ட் ஆளுங்க குழந்தைக்கு ஞானஸ்நானம் குடுக்க மாட்டாங்க, வளந்து, மனம் திரும்பினேன்னு சபை முன்னாடி சாட்சி சொன்ன அப்புறம்தான் ஆத்துல முழுக்கு. அதனால அப்பா அம்மா பேர், பொறந்த தேதி எல்லாம் அங்க பதிய வேண்டிய தேவையே வரல.

அப்புறம் அந்த 'சர்க்யூட் ரைடர்'ங்கற வார்த்தை, அது மெதடிஸ்ட் சமாச்சாரம். அதை வச்சு அவர் மெதடிஸ்ட்னு உடனே முடிவு பண்ண வேண்டாம், பாப்டிஸ்ட் பிரசங்கியாரும் மூணு நாலு சபையைப் பாத்துக்குவார், ஒவ்வொன்னுக்கும் மாசத்துல ஒரு வாரக்கடைசி, எப்பப் பாத்தாலும் குதிரை மேலதான் இருப்பார், பேரன் பேத்திங்க அதைத்தான் பிற்பாடு அப்படிச் சொல்லியிருப்பாங்க. ஆனா சந்தேகத்தை ஓரமா வச்சுக்கங்க. ரெக்கார்டுல 'எல்டர்'னு பட்டம் போட்டிருந்தா அது அந்தக் காலத்து பாப்டிஸ்ட் போதகருக்கு சாதாரணமா போடுற பட்டம், வயசானவர்னு அர்த்தம் இல்ல. மெதடிஸ்ட்லயும் எல்டர் உண்டுங்கறதால அது ஒன்னை மட்டும் வச்சு முடிவுக்கு வரக் கூடாது.

சரி, வேலைக்கு வருவோம். கென்டக்கியோட 1790, 1800 சென்சஸ் ரெண்டுமே தொலைஞ்சு போச்சு, 1810ல இருந்துதான் இருக்கு. அதுக்குப் பதிலா வரிப் பட்டியல் இருக்கு, 1792ல கென்டக்கி தனி மாநிலம் ஆனதுல இருந்து கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) வாரியா, அநேகமா வருஷாவருஷம், ஃபேமிலிசெர்ச்ங்கற வம்சாவளி வெப்சைட்ல இலவசமாவே பாக்கலாம். ஒரு வரியைப் பாருங்க: பேர், 21 வயசுக்கு மேல எத்தனை வெள்ளை ஆம்பளை, 16ல இருந்து 21க்குள்ள எத்தனை, அடிமைகள் எத்தனை, குதிரை எத்தனை, நிலம் எத்தனை ஏக்கர், அது எந்த ஓடைக் கரையில, முதல்ல யார் பேர்ல பட்டா ஆச்சு. 16-21 கட்டத்துல திடீர்னு ஒன்னு ஏறுச்சுனா வீட்டுல ஒரு பையன் 16 வயசு ஆயிட்டான், சில வருஷம் கழிச்சு அதே ஓடையில அதே குடும்பப் பேர்ல புது ஆள் வந்தா அந்தப் பையன் 21 ஆகி தனியா வரி கட்ட ஆரம்பிச்சிட்டான்னு ஊகிக்கலாம். பத்து வருஷத்துப் பட்டியலை வரிசையா வச்சுப் பாத்தீங்கன்னா குடும்பமே வளருறது தெரியும். ஒரே ஒரு வருஷத்தை மட்டும் பாத்துட்டு மூடிடாதீங்க, நிறைய பேர் அதைத்தான் பண்றாங்க.

அதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த ஓடைக் கட்டம்தான், ஏன்னா அப்பல்லாம் சபைக்குப் பேரே ஓடையை வச்சுத்தான். சவுத் எல்க்ஹார்ன், கிளியர் கிரீக், கில்பர்ட்ஸ் கிரீக், ஃபோர்க்ஸ் ஆஃப் எல்க்ஹார்ன், எல்லாமே தண்ணி ஓடுற இடத்தோட பேர். உங்க ஆளோட நிலம் எந்த ஓடையில இருக்குனு தெரிஞ்சிட்டா அவர் எந்த சபையில உக்காந்திருப்பார்னு ரெண்டு மூணு சபைக்குள்ள சுருக்கிடலாம். நிலத்தோட ஒரிஜினல் பட்டா வேணும்னா கென்டக்கி மாநிலத்தோட லேண்ட் ஆபீஸ் வெப்சைட்ல சர்வே பேப்பரோட ஸ்கேனே கிடைக்குது, அதுல நிலத்தை அளக்கச் செயின் பிடிச்ச ஆளுங்க பேர் கூட இருக்கும், அந்தச் செயின்காரங்க பெரும்பாலும் மச்சான், மாமனார், பக்கத்து நிலத்துக்காரன்தான்.

கவுண்டி விஷயத்துல ஜாக்கிரதை. 1780ல கென்டக்கினா மூணே கவுண்டி, ஃபயெட், ஜெஃபர்சன், லிங்கன். மாநிலம் ஆனப்ப ஒன்பது, இன்னைக்கு 120. அவர் ஒரே வீட்டுல உக்காந்திருப்பார், கவுண்டி மட்டும் அவர் தலைக்கு மேல மூணு தடவை மாறியிருக்கும். நியூபெரி லைப்ரரி போட்டிருக்கிற பழைய கவுண்டி எல்லை மேப் ஆன்லைன்ல இருக்கு, தேதி வாரியா பாத்துக்கலாம். எரிஞ்சு போன ரெக்கார்டுகள் வேற, ஃபயெட் கவுண்டி கிளார்க் ஆபீஸ் 1803ல தீப்பிடிச்சு ஆரம்பகாலப் பத்திரம் ஏகப்பட்டது போச்சு. அங்க கிடைக்கலேனா உங்க ஆள் இல்லைனு அர்த்தம் ஆகாது.

பக்கத்து கவுண்டியைப் பாக்காததால என்ன ஆகும்ங்கறதுக்கு ஆபிரகாம் லிங்கன் குடும்பமே உதாரணம். அவரோட அப்பா தாமஸும் அம்மா நான்சி ஹாங்க்ஸும் முறையா கல்யாணம் பண்ணிக்கிட்டவங்கதானானு ரொம்ப வருஷம் ஊரே வாய்க்கு வந்தபடி பேசுச்சு, ஏன்னா குடும்பம் வாழ்ந்த ஹார்டின் கவுண்டிப் பக்கம் தேடினா ரெக்கார்டு இல்ல. லிங்கன் செத்தும் பல வருஷம் கழிச்சுத்தான் வாஷிங்டன் கவுண்டி கோர்ட்டுல, ஸ்பிரிங்ஃபீல்டுங்கற ஊர்ல கிடைச்சுது. 1806 ஜூன் 10ஆம் தேதி போட்ட 50 பவுண்டு கல்யாண பாண்டு (இந்தக் கல்யாணத்துக்கு சட்டத் தடை இல்லைனு எழுதிக் குடுக்கற ஜாமீன் பத்திரம்), கூடவே ஜூன் 12ஆம் தேதி கல்யாணம் பண்ணி வச்சேன்னு ஜெஸ்ஸி ஹெட்ங்கற போதகர் தான் நடத்தின மத்தக் கல்யாணங்களோட சேத்து எழுதிக் குடுத்த பட்டியல். அவர் மெதடிஸ்ட், இருந்தாலும் விஷயம் அதேதான்.

அந்தப் பட்டியல் இருக்கே, அது உங்களுக்கு முக்கியம். வர்ஜீனியாவுல 1780 வரைக்கும் ஆங்கிலிகன் (இங்கிலாந்து அரசு சபை) பாதிரியார் பண்ணி வச்சாத்தான் கல்யாணம் செல்லும். அந்த வருஷம் போட்ட சட்டத்துலதான் மத்த சபை போதகர்களுக்கு அனுமதி குடுத்தாங்க, அதுவும் ஒரு கவுண்டிக்கு ஒரு சபைப் பிரிவுக்கு நாலு பேருக்கு மேல கிடையாது, அப்புறம் 1784ல அந்தக் கட்டுப்பாட்டையும் எடுத்தாங்க. அப்ப கென்டக்கியும் வர்ஜீனியாவுக்குள்ளதான் இருந்துச்சு. இதனால என்ன ஆச்சுனா, கல்யாணம் பண்ணி வைக்க நினைக்கிற போதகர் கவுண்டி கோர்ட்டுக்கு வந்து, தான் அபிஷேகம் ஆனவர், அதாவது முறையா போதகரா நியமிக்கப்பட்டவர்னு சான்று காட்டி, சத்தியப் பிரமாணம் எடுத்து, ஜாமீனோட பாண்டு எழுதித் தரணும். கோர்ட் ஆர்டர் புக்ல அது ரெண்டு மூணு வரியா பதிவாகியிருக்கும், இன்னார் பாப்டிஸ்ட் சபை ஊழியர்னு எழுதியிருக்கும். உங்க ஆள் நிஜமாவே அபிஷேகம் ஆன பாப்டிஸ்ட் போதகர்தானாங்கற கேள்விக்கு பதில் அந்த மூணு வரியிலதான் இருக்கு. பாண்டுல ஜாமீன் போட்டவர் யாருனு கண்டிப்பா பாருங்க. அவர் அனுப்பின கல்யாணப் பட்டியல்ல அவரோட கையெழுத்தும் இருக்கும், ஒரே பேர்ல ரெண்டு ஆள் அந்த ஏரியாவுல இருந்தா (நிச்சயம் இருப்பாங்க, எல்லாரும் ஜான், வில்லியம், ஜேம்ஸ்தான்) நிலப் பத்திரக் கையெழுத்தோட ஒப்பிட்டுப் பிரிச்சிடலாம். கிளார்க் காப்பி எடுத்து எழுதின புத்தகத்துல இது உதவாது, ஒரிஜினல் தாள் வேணும்.

ஃபேமிலிசெர்ச்ல 2024ல இருந்து கையெழுத்துப் பத்திரங்களையே வார்த்தை போட்டுத் தேடுற வசதி வந்திருக்கு, ஃபுல் டெக்ஸ்ட் செர்ச்னு போட்டிருப்பாங்க. குடும்பப் பேரோட பாப்டிஸ்ட்ங்கற வார்த்தையையும் சேத்துப் போட்டுப் பாருங்க, இன்டெக்ஸ்ல வராத பத்திரமெல்லாம் வந்து விழும். ஆனா அது கையெழுத்தை தப்பா படிக்கறதும் சகஜம், அதனால பேரை நாலஞ்சு விதமா எழுதித் தேடணும்.

இப்ப சபைப் புத்தகத்துக்கு வரேன். பாப்டிஸ்ட் சபை மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை கூடி, ஆராதனை முடிஞ்சதும் சபைக் காரியம் பேசும், கிளார்க் அதை மினிட்ஸ் புக்ல எழுதுவார். யார் அனுபவம் சொல்லி முழுக்கு எடுத்தாங்க, யார் வேற சபையில இருந்து உறுப்பினர்னு சொல்ற லெட்டர் கொண்டு வந்து சேந்தாங்க, யார் லெட்டர் வாங்கிட்டுக் கிளம்பினாங்க, யார் குடிச்சிட்டு சண்டை போட்டதுக்கு சபையை விட்டு நீக்கப்பட்டாங்க, எல்லாம் இருக்கும். படிச்சா அலுக்கவே அலுக்காது, குதிரை வியாபாரத்துல ஏமாத்தினவன், டான்ஸ் ஆடின பொண்ணு, பக்கத்து வீட்டுக்காரியைப் பத்தி புறணி பேசினவங்கனு ஊரோட மொத்தப் பஞ்சாயத்தும் அதுலதான். உங்க ஆள் பேர் வர்ற இடம் மூணு: லெட்டரோட வந்து சேந்த நாள், 'வரத்தைப் பயன்படுத்த' சபை அனுமதிச்ச நாள், அதாவது பிரசங்கம் பண்ண லைசென்ஸ், அப்புறம் அக்கம்பக்கத்து சபை எல்டர்கள் வந்து பரிசோதிச்சு கை வச்சு ஜெபிச்சு அபிஷேகம் பண்ண நாள். அந்த லெட்டர்லதான் எந்த சபையில இருந்து வந்தார்ங்கறது இருக்கும், வர்ஜீனியாவுக்குத் திரும்பிப் போற வழி அதுதான். ஒரே நாள்ல லெட்டரோட சேந்த மத்தவங்க பேரையும் எழுதி வச்சுக்கங்க, அவங்க சேந்தே பயணம் பண்ணி வந்த கூட்டம், அதுல பாதி சொந்தக்காரங்களா இருப்பாங்க.

கூட்டமா வர்றதுனா எப்படினு கேட்டா, 1781ல லூயிஸ் கிரெய்க்ங்கற போதகர் வர்ஜீனியாவுல ஸ்பாட்சில்வேனியா கவுண்டியில இருந்து கிட்டத்தட்ட தன் சபையையே கிளப்பிக்கிட்டு மலையைத் தாண்டி கென்டக்கிக்கு நடந்தார், கூட வந்தவங்களையும் சேத்து ஐநூறு பேருக்கு மேலனு சொல்லுவாங்க, 'டிராவலிங் சர்ச்'னே அதுக்குப் பேர். கில்பர்ட்ஸ் கிரீக்ல வந்து தங்கினாங்க, ரெண்டு வருஷத்துல அவர் சவுத் எல்க்ஹார்னுக்கு நகர்ந்துட்டார். அந்தக் கூட்டத்துல அடிமையா வந்த பீட்டர் டியுரெட்ங்கறவர்தான் பிற்பாடு லெக்சிங்டன்ல கறுப்பினத்தவர் சபையை ஆரம்பிச்சார், அது இன்னைக்கும் இருக்கு. உங்க ஆள் ஸ்பாட்சில்வேனியா சுத்துவட்டாரத்துல பொறந்தவர்னா இதோட ஒப்பிட்டுப் பாக்கறது நல்லது.

சபைக்கு மேல அசோசியேஷன்னு ஒன்னு உண்டு, அதிகாரம் எதுவும் கிடையாது, வருஷத்துக்கு ஒரு தடவை கூடுறதோட சரி. கென்டக்கியில எல்க்ஹார்ன், சேலம் ரெண்டும் 1785ல ஆரம்பிச்சுது. ஒவ்வொரு சபையும் பிரதிநிதிகளை அனுப்பும், இந்த வருஷம் எத்தனை முழுக்கு, எத்தனை பேர் வந்தாங்க போனாங்க செத்தாங்கனு அந்தக் கூட்டத்தோட மினிட்ஸ்ல ஒரு அட்டவணை இருக்கும். 1801 எழுப்புதல் (ஜனங்க கூட்டங்கூட்டமா மனம் திரும்பின அலை) வருஷத்துல எல்க்ஹார்ன்ல மட்டும் மூவாயிரம் பேருக்கு மேல முழுக்கு எடுத்தாங்க. உங்க ஆள் பேர் எந்த சபைப் பேருக்கு நேரா எந்தெந்த வருஷம் வருதுனு பாத்துட்டே போங்க, இறந்த போதகருக்கு நாலு வரி இரங்கல் போடுறதும் உண்டு. இதெல்லாம் நாஷ்வில்ல இருக்கிற சதர்ன் பாப்டிஸ்ட் ஹிஸ்டாரிக்கல் லைப்ரரி, லூயிவில்ல செமினரி ஆர்கைவ்ஸ், ஃபில்சன் சொசைட்டினு பிரிஞ்சு கிடக்கு. ஈமெயில் போட்டா பதில் வரும், ஆனா "என் முன்னோரைப் பத்தி இருக்கிறதெல்லாம் அனுப்புங்க"னு கேக்காதீங்க, சபைப் பேரும் வருஷமும் சொல்லிக் கேளுங்க. ஸ்பென்சர் 1885ல போட்ட கென்டக்கி பாப்டிஸ்ட் வரலாறு ரெண்டு வால்யூம் இன்டர்நெட் ஆர்கைவ்ல இலவசம், நூத்துக்கணக்கான போதகர்களோட குட்டி வாழ்க்கைக் குறிப்பு இருக்கு. அவர் எழுதினது பாதி கேள்விப்பட்டது, அதனால துப்பா வச்சுக்கலாம், சாட்சியா எடுத்துக்க வேண்டாம்.

திடீர்னு பேர் காணாம போச்சுனா செத்துட்டார்னு நினைக்காதீங்க. 1830 வாக்குல அலெக்சாண்டர் கேம்பெல்ங்கற சீர்திருத்தப் போதகர் பின்னாடி சபை சபையா பிரிஞ்சு போனாங்க. மிஷனரி சங்கம் வேண்டாம்னு இன்னொரு கூட்டம் பிரிமிட்டிவ் பாப்டிஸ்டா பிரிஞ்சுது, அவங்க ரெக்கார்டுக்கு இல்லினாய்ஸ்ல கார்த்தேஜ்ங்கற ஊர்ல தனி லைப்ரரியே இருக்கு. அடிமை முறையை எதிர்த்துப் பேசினதுக்காக டேவிட் பாரோங்கற போதகரை 1806ல அவரோட அசோசியேஷனே வெளியேத்துச்சு, அடுத்த வருஷம் அவரும் கூட இருந்தவங்களும் தனி அசோசியேஷன் ஆரம்பிச்சாங்க. இன்னும் சிலர் சபையையே மூட்டை கட்டிட்டாங்க: டெக்சாஸ் அப்ப மெக்சிகோ கையில இருந்ததால அங்க புதுசா ப்ராட்டஸ்டன்ட் சபை தொடங்க முடியாது, டேனியல் பார்க்கர்ங்கற போதகர் என்ன பண்ணார்னா 1833ல இல்லினாய்ஸ்லயே சபையை ஆரம்பிச்சு மினிட்ஸ் புத்தகத்தோட டெக்சாஸுக்குக் கூட்டிட்டுப் போயிட்டார். சட்டத்துல ஓட்டை கண்டுபிடிக்கறதுல அந்தக் காலத்து ஆளுங்களும் சளைச்சவங்க இல்ல.

ஆனா கென்டக்கியை விட்டுக் கிளம்பினதுக்கு பக்தியை விட நிலம்தான் அடிக்கடி காரணம். ஒரே நிலத்துக்கு மூணு பேர் பட்டா வச்சிருப்பான், வக்கீலுக்குக் கொட்டிக் குடுத்தே நொந்து போய் இந்தியானா, மிசௌரினு போனவங்க ஏராளம். அந்த வழக்குக் கட்டுகளை விடாதீங்க, சாட்சி சொல்றவர் தன் வயசு, எந்த வருஷம் இங்க வந்தார், யாரை எத்தனை வருஷமா தெரியும்னு சொல்லியிருப்பார்.

சுதந்திரப் போர் சமாச்சாரத்துக்கு 1832 பென்ஷன் ஃபைல் பாருங்க. உயிரோட இருந்திருந்தா அவருக்கு எழுபது வயசு சொச்சம். அந்த மனுவுல எங்க, எந்த வருஷம் பொறந்தீங்க, சேரும்போது எந்த ஊர், போருக்கு அப்புறம் எங்கெங்க குடியிருந்தீங்கனு வரிசையா கேள்வி கேட்டு எழுதி வாங்குவாங்க, வாழ்க்கை வரலாறே அவர் வாயால வந்துடும். அவருக்குப் பென்ஷன் இல்லாட்டியும் பரவாயில்ல, மத்தவங்க மனுவுல ஊர் போதகர் ஒருத்தர் நற்சாட்சி சொல்லணும், அந்த இடத்துல உங்க ஆள் கையெழுத்து இருக்கலாம். மிசௌரி கவுண்டி மனுக்கள்ல போதகர் பேரைத் தேடிப் பாருங்க.

ஜெயில் கதையை மட்டும் நம்பத் தயங்குவேன். வர்ஜீனியாவுல பாப்டிஸ்ட் பிரசங்கியார்களை ஜெயில்ல போட்டது நிஜம், லூயிஸ் கிரெய்கையும் ஜான் வாலரையும் 1768ல ஃபிரெடெரிக்ஸ்பர்க்ல உள்ள வச்சாங்க, 1778 வரைக்கும் அங்கங்க நடந்துச்சு. ஆனா 1760ல பொறந்த பையனுக்கு 1768ல எட்டு வயசு, 1778லயும் பதினெட்டுதான். அவருக்கு முழுக்கு குடுத்த போதகரோட கதை இவர் மேல ஏறியிருக்கும்னு தோணுது, கோர்ட் ஆர்டர் புக்ல பேர் இருந்தா ஒத்துக்கறேன். இந்த மாதிரி நிறைய உண்டு, ஜான் கேனோங்கற பாப்டிஸ்ட் போதகர் ஜார்ஜ் வாஷிங்டனுக்கு முழுக்கு குடுத்தார்னு அவரோட பேரப்பிள்ளைங்க சத்தியமே பண்ணாங்க, கேனோவே எழுதின நினைவுக் குறிப்புல அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. லூயிஸோட தம்பி எலைஜா கிரெய்க்தான் போர்பன் விஸ்கியைக் கண்டுபிடிச்சார்ங்கறதும் அதே ரகம்தான்.

மிசௌரியைப் பொறுத்த வரை 1820 சென்சஸ் இல்ல, 1830 இருக்கு. கென்டக்கிக்காரங்க நிறைய பேர் போய் குவிஞ்சது ஹோவர்ட் கவுண்டி பக்கம், அங்க மவுன்ட் பிளசன்ட் அசோசியேஷன் 1818ல ஆரம்பிச்சுது. லிபர்ட்டில இருக்கிற வில்லியம் ஜுவெல் காலேஜ்ல மிசௌரி பாப்டிஸ்ட் ரெக்கார்டு பத்தி விசாரிங்க. அரசாங்கத்துகிட்ட நேரடியா நிலம் வாங்கியிருந்தா பிஎல்எம்ங்கற மத்திய அரசு நிலத் துறையோட லேண்ட் ஆபீஸ் வெப்சைட்ல பேர் போட்ட உடனே வந்துடும், அதை மொதல்ல பண்ணுங்க, அஞ்சு நிமிஷ வேலை. அவர் பிள்ளைங்கள்ல யாராவது 1850 சென்சஸ்ல இருந்தா அவங்க பொறந்த மாநிலத்தை வரிசையா வச்சாலே குடும்பம் எப்ப எங்க நகர்ந்துச்சுனு தெரிஞ்சிடும்.

இன்னொன்னு, வீட்டுல முன்கூட்டியே பேசி வச்சுக்கங்க. அந்த வரிப் பட்டியல்ல அடிமைகள் கட்டத்துல ஒரு எண் இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு, போதகரா இருந்தா மட்டும் விதிவிலக்கு இல்ல. சபைப் புத்தகத்துல அடிமைகளும் உறுப்பினர்தான், 'இன்னாரோட ஹன்னா'ங்கற மாதிரி முதல் பேரும் எஜமான் பேரும் மட்டும் போட்டிருக்கும். அவங்க வம்சத்துக்காரங்க இன்னைக்குத் தேடுறப்போ 1870 சென்சஸுக்கு முன்னாடி பேரே கிடைக்காம தவிக்கறாங்க, அதனால அந்தப் பக்கங்களை ஃபோட்டோ எடுக்கும்போது உங்க குடும்பப் பேர் இருக்கிற வரியை மட்டும் வெட்டி எடுக்காம முழுப் பக்கமா எடுத்து, உங்க குடும்ப மரத்துல போடும்போது அந்தப் பேர்களையும் டைப் பண்ணிப் போட்டுடுங்க.

இப்போதைக்கு 1792ல இருந்து 1810 வரைக்கும் வரிப் பட்டியலை ஒரு எக்செல் ஷீட்ல ஏத்துங்க, கவுண்டியும் ஓடையும் தெரிஞ்சதும் எழுதுங்க, எந்த சபையோட மினிட்ஸ் தப்பிச்சிருக்கு, அது எந்த லைப்ரரியில இருக்குனு பாத்துச் சொல்றேன்.